தும்மினால் கசிகிறதா? உங்களுக்குள் இருக்கும் இந்தத் தசையைத் தெரியுமா?

தும்மினால் ஒரு சொட்டு. வாய்விட்டுச் சிரித்தால் ஒரு சொட்டு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம். "புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லியே எத்தனை பெண்களை வாயடைத்து வைத்திருக்கிறோம்! அப்படி இருக்க வேண்டியதே இல்லை. இது தலையெழுத்து அல்ல, பெரும்பாலும் தசைக் கோளாறு. சரிசெய்ய வழி உண்டு. அந்தத் தசையின் கதை இதோ!

தூளி போலத் தாங்குவது எது தெரியுமா?
முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கின்றன இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இவைதான். நீங்கள் தூங்கும்போதுகூட இவை முழுதாகத் தளர்ந்துவிடுவதில்லை. மூச்சை இழுத்தால் மெல்ல இறங்கும், விட்டால் மேலே ஏறும்!

பிரசவத்தில் எவ்வளவு நீளும் தெரியுமா?
அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் கணினியில் கணக்குப் போட்டார்கள். குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசையின் ஒரு பகுதி, இருந்த நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக நீள்கிறதாம்! இவ்வளவு இழுபட்ட பிறகும் பெரும்பாலான பெண்களுக்குத் தசை தேறிவிடுகிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடுப்பது சலுகை அல்ல, சிகிச்சை.

கசிவு வயதானவர்களுக்கு மட்டும்தான் வருமா?
இல்லவே இல்லை! ஸ்வீடனில் டிராம்போலின் வீராங்கனைகளிடம் கேட்டார்கள். சராசரி வயது 15. ஒருவரும் பிள்ளை பெற்றதில்லை. ஆனாலும் 80 சதவீதம் பேருக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசிந்திருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களே, மகளிடம் கேட்டுப் பாருங்கள்!

கெகல் பயிற்சி எப்போது பிறந்தது தெரியுமா?
இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் இந்தப் பயிற்சியைப் பற்றி அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதினார். தசை எவ்வளவு இறுக்குகிறது என்று அளக்க ஒரு கருவியையும் உருவாக்கினார். செய்முறை எளிது. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, அப்படியே முன்பக்கமாக மேலே தூக்குங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில நொடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறையாவது, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். யாருக்கும் தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்தே செய்யலாம்! சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி மட்டும் பயிற்சி செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போகலாம்.

தும்மலை முந்த முடியும் தெரியுமா?
தும்மல் வருவது தெரிந்ததும், அது வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே தசையை இறுக்கிவிடுங்கள். அவ்வளவுதான்! 1998-ல் வெளியான ஆய்வில், ஒரே வாரம் பழகிய பெண்களுக்கு இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்தது. குடம் தூக்கும் முன்பும், சிலிண்டரை நகர்த்தும் முன்பும் இதே உத்திதான்.

கணுக்காலில் ஊசி போட்டால் சிறுநீர்ப்பை அடங்கும் தெரியுமா?
அவசரம் என்று ஓடுவதற்குள் கசிந்துவிடும் வகை ஒன்று உண்டு. கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சி, மாத்திரை, சிறுநீர்ப்பையில் போடாக்ஸ் ஊசி என்று இதற்குப் பல வழிகள். அதிசயமான வழி ஒன்று இருக்கிறது. உள்கணுக்காலுக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியைச் செருகி, அரை மணி நேரம் லேசான மின்தூண்டல். வாரம் ஒருமுறை, 12 வாரம். இந்த ஊசி தூண்டும் கால் நரம்பும் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே பகுதியில் சேர்வதுதான் ரகசியம்!

அடி இறங்கினால், அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்தால், அதை எடுத்தே ஆக வேண்டுமா?
வேண்டியதில்லை! லேசான இறக்கத்துக்குப் பயிற்சியே கைகொடுக்கும். அதற்கு மேல் பெசரி இருக்கிறது. உள்ளே பொருத்தித் தாங்கும் சிலிக்கான் வளையம் அது. பழங்கால கிரேக்க மருத்துவர்கள் இதே வேலைக்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்கள்! அறுவை சிகிச்சையிலும் கர்ப்பப்பையை அகற்றாமல் தூக்கிக் கட்டும் முறைகள் உண்டு. அவற்றில் ஒன்றை வகுத்தவர் நம் மும்பை மருத்துவர் ஷிரோட்கர். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் யோனியின் உள்சுவர் இறங்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். யோனி வழியாக வலை வைத்து இறக்கத்தைச் சரிசெய்யும் முறையில் பலருக்குத் தீராத வலி வந்தது. அத்தகைய வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது. எந்த ஆபரேஷனுக்கும் தலையாட்டும் முன் கேள்வி கேளுங்கள்!

நோயாளியே அறுவை நிபுணரான கதை தெரியுமா?
எல்லாக் கசிவுக்கும் தசை காரணம் அல்ல. நாள்கணக்கில் நீளும் பிரசவத்தில், குழந்தையின் தலை அழுத்தி அழுத்திச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுவதும் உண்டு. அதற்குப் பிறகு சிறுநீர் ஓயாமல் ஒழுகும். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்து மம்மி ஒன்றிலேயே இந்தப் புண் இருந்தது! எத்தியோப்பியாவின் மமிது காஷே எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண். இதே கொடுமைக்கு ஆளாகி, அடிஸ் அபாபாவில் கேத்தரின், ரெஜினால்டு ஹாம்லின் தம்பதியிடம் சிகிச்சைக்கு வந்தார். அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார். அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுத்தார். பார்த்துப் பார்த்தே கற்று, தன்னைப்போல் துன்பப்பட்ட பெண்களுக்குத் தானே அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்!

இறுக்கும் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது தெரியுமா?
சிலருக்குத் தசை தளர்வதில்லை, எப்போதும் இறுகியே கிடக்கும். உறவில் வலி, அடிவயிற்று வலி, மலம் கழிக்கச் சிரமம் என்று அது காட்டிக்கொடுக்கும். இவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் மருந்து. அதனால்தான் முதலில் மகப்பேறு மருத்துவரையோ, இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டையோ பார்க்கச் சொல்கிறோம். சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் இப்படியே சொல்லுங்கள்: "இருமினா கசியுது டாக்டர்." அவருக்கு இது தினமும் கேட்கும் வார்த்தை. உங்களுக்கோ சிகிச்சையின் முதல் படி!