ஆன்டிபாடி இல்லாத நத்தை, புழுவை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது?

டெல்லி துவாரகாவில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மலேரியாவைப் புரிந்துகொள்ள அங்கே கொசுவையும் ஆராய்கிறார்கள். காரணம் சிம்பிள்: கொசுவுக்குள் வளராமல் கிருமி நம்மிடம் வராது. இதே கணக்கு இன்னொரு நோய்க்கும் பொருந்தும். கொசுவின் இடத்தில் அங்கே இருப்பது நன்னீர் நத்தை.

என்ன நோய்?

சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவால் வருவது. 2021-ல் உலகம் முழுக்க 25 கோடிக்கும் அதிகமானோருக்கு இதற்கான தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் மனிதர்களுக்கு இது ரொம்ப அரிது. மாடுகளுக்கு அப்படி இல்லை. மூக்கு ரத்தக்குழாயில் தங்கி மாட்டைக் குறட்டை விட வைக்கும் வகையை, 1933-ல் சென்னை மாகாணத்தில் கண்டு விவரித்தவர் ஆனந்த் நாராயண ராவ்.

நத்தைக்கு என்ன வேலை?

முட்டையிலிருந்து தண்ணீரில் வெளிவரும் இளம்புழு நத்தைக்குள் நுழைந்து பெருகும். பிறகு ஆயிரக்கணக்கில் வெளியேறி, தண்ணீரில் இறங்கும் மனிதர் அல்லது மாட்டின் தோலைத் துளைக்கும். நத்தைக்கும் நஷ்டம்தான்: புழு புகுந்த நத்தை பெரும்பாலும் முட்டையிடுவதையே நிறுத்திவிடும்.

எப்படிச் சண்டை போடுகிறது?

நம்மைப் போல ஆன்டிபாடி நத்தைக்குக் கிடையாது. அதன் ரத்தத்திலுள்ள சில புரோட்டீன்கள் புழுமேல் ஒட்டி அடையாளம் காட்டும். ரத்தச் செல்கள் சுற்றிவளைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ரசாயனங்களால் கொல்லும்.

ஆச்சரியம் இரண்டாவது முறை தாக்கும்போதுதான். தென் அமெரிக்க நத்தை ஒன்றை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஏற்கெனவே புழு புகுந்த நத்தையை அதே ரகப் புழு மறுபடி தாக்கியபோது, செல்கள் சூழ்வதற்குப் பதிலாக ரத்தத்தில் மிதக்கும் புரோட்டீன்களே வேலையை முடித்தன. அதாவது, நத்தைக்கும் ஒருவித ஞாபகம் உண்டு. வேறு ரகப் புழு வந்தால் மட்டும் பாதுகாப்பு குறையும்.

சரி, இதனால் நமக்கென்ன?

பிராசிகுவாண்டல் மாத்திரை உடம்பிலுள்ள புழுவைக் கொல்லும். ஆனால் அதே குளத்தில் மறுபடி இறங்கினால் மறுபடி தொற்றலாம். நத்தையைக் கொல்லும் மருந்து தெளித்தால் மீனும் சாகும். புழுவை ஏற்காத நத்தைகள் குளத்தில் பெருகினால் சங்கிலி அங்கேயே அறுபடும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கணக்கு.

ஒரு சிக்கல்: நத்தை கற்றுக்கொள்வது போல, தலைமுறை தலைமுறையாகப் புழுவும் மாறுகிறது. அதனால் சுத்தமான தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் நத்தை மாற்று ஆகாது.