மூன்று படியும் முருங்கைக்காயும்

பக்கத்து வீட்டில் நான்கு படி அரிசி கைமாற்று வாங்கியிருக்கிறோம். திருப்பும்போது மூன்று படிதான் தேறுகிறது. "பரவாயில்லை, கணக்கு தீர்ந்தது" என்கிறார் அந்த அம்மா. மறுவாரம் மனம் மாறி மீதியைக் கேட்டால்? இங்கிலாந்துச் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். வந்த மூன்று படியும் ஏற்கெனவே அவருக்குச் சேர வேண்டியதுதான். ஒரு படியை விட்டுக்கொடுத்ததற்குப் புதிதாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது.

மூன்று படியோடு நாலு முருங்கைக்காயையும் கொடுத்து, அவரும் சம்மதித்து வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்தது. அவர் சம்மதத்தோடு, கெடுவுக்கு ஒரு நாள் முன்பே மூன்று படியை அளந்துவிட்டாலும் முடிந்தது. முருங்கைக்காய் ஒரு படி அரிசிக்கு ஈடாகுமா என்று நீதிபதி பார்க்கமாட்டார். 1602-இல் பின்னெல் வழக்கில் குதிரை, வல்லூறு, அங்கி என்றார்கள், சங்கதி இதேதான்.

இதில் மாட்டியவர் டாக்டர் ஜான் ஃபோக்ஸ். ஜூலியா பீர் என்ற அம்மையாருக்கு அவர் 2,090 பவுன் 19 ஷில்லிங் தர வேண்டும் என்று 1875-இல் தீர்ப்பாகியிருந்தது. அவகாசம் கேட்டார். 1876 டிசம்பரில் எழுதிக்கொண்டார்கள்: உடனே 500 பவுன், பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை 150 பவுன், ஒழுங்காகக் கட்டினால் நடவடிக்கை இல்லை. டாக்டர் கடைசிக் காசு வரை கட்டினார். அப்புறம்தான் அம்மையார் வட்டி கேட்டார். தீர்ப்புக் கடனுக்கு 1838-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது 4 சதவீத வட்டி இருந்தது. ஒப்பந்தத்திலோ வட்டி என்ற பேச்சே இல்லை.

கீழே டாக்டர் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். 1884-இல் பிரபுக்கள் சபையும் அம்மையார் பக்கமே நின்றது. முருங்கைக்காய் இல்லையே! அங்கே வழக்கைக் கேட்ட நீதிபதிகளில் பிளாக்பர்ன் பிரபுவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. முழுத் தொகைக்காக வழக்காடுவதைவிட இப்போதே கைக்கு வருகிற கொஞ்சம் மேல் என்று வியாபாரிகள் அன்றாடம் நடந்துகொள்கிறார்களே என்றார். மற்றவர்கள் இசையாததால் கடைசியில் அவரும் எதிர்க்காமல் விட்டுவிட்டார். கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அவர் கட்சிதான் சரி என்பார்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே வேறு வழியில் போய்விட்டது. 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாயை முழுக் கணக்காக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது என்று 63-ஆம் பிரிவே உதாரணம் காட்டுகிறது. இங்கிலாந்திலும் டாக்டருக்கு ஒரு வழி இருந்தது. வட்டி வேண்டாம் என்று தெளிவாக எழுதி, அந்தத் தாளை முத்திரையிட்ட பத்திரமாக்கியிருந்தால், பதிலுக்கு எதுவும் தர வேண்டியிருந்திருக்காது.