சந்தா கட்டும் கைக்கடிகாரம் வாங்கத் தகுமா?

நமது அங்கத்தினர்கள் ஒரு பொருளை வாங்குங்கால், அதன் விலை யாது, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டறிவது வழக்கம். தறியாயினும், பம்பு செட்டாயினும், சைக்கிளாயினும், இவ்விரண்டு கேள்விகளே இதுகாறும் போதுமானவையாக இருந்தன. இக்காலத்திலோ, விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரும், மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்தினாலன்றி முழுப்பயன் தாராத கருவிகள் பல கடைகளுக்கு வந்துவிட்டன. செய்தி, வானிலை முதலியவற்றை மணிக்கட்டிலேயே காட்டும் ஸ்மார்ட் கடிகாரங்கள் சிலவும் அவ்வகையைச் சேர்ந்தவையே. இத்தகைய பொருளை வாங்கலாமா என்று ஆராயப் புகுமுன், அமெரிக்காவில் நடந்தேறிய ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்வது நலம். அது தொடங்கி, நடந்து, முடிந்தும் போயிற்று. ஆதலின் வரவையும் செலவையும் ஒருசேர வைத்துப் பார்க்க இயலுகின்றது.

மைக்ரோஸாப்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த பில் கேட்ஸ், 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரத்தின் மின்னணுப் பொருட்காட்சியில் இக்கடிகாரங்களை மக்களுக்குக் காட்டினார். ‘ஸ்பாட்’ என்பது அத்திட்டத்தின் பெயர். 2004-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவை கடைகளில் விற்பனைக்கு வந்தன. கடிகாரத்தைச் செய்தவர்கள் பாஸில், ஸூன்டோ முதலிய கடிகாரக் கம்பெனியார். பின்னர் ஸ்வாட்ச், டிஸ்ஸாட் கம்பெனியாரும் சேர்ந்தனர். தொடக்கத்தில் விலை சுமார் 130 டாலர் முதல் 300 டாலர் வரை இருந்தது. டிஸ்ஸாட் கடிகாரம் 700 டாலருக்கும் மேல். இவ்விலை கடிகாரத்துக்கு மட்டுமே. அதில் தோன்றும் செய்திகளை அனுப்பும் ‘எம்.எஸ்.என். டைரக்ட்’ என்னும் சேவைக்குச் சந்தா தனி. மாதத்துக்கு 9 டாலர் 95 சென்ட், அல்லது ஆண்டுக்கு 59 டாலர்.

இக்கடிகாரத்துக்குச் செய்தி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அறிந்தால்தான் அதன் நிறையும் குறையும் விளங்கும். எப்.எம். வானொலி நிலையம் ஒன்று, பாட்டையும் பேச்சையும் அனுப்பும் அதே அலையின் ஓரத்தில், காதுக்குக் கேளாத வேறொரு துணை அலையையும் ஏற்றி அனுப்ப முடியும். அகன்ற சாலையில் வண்டிகள் போகும் தடத்துக்கு அப்பால் நடைபாதை ஒன்று இருப்பதைப் போன்றது அது. வானொலிப் பெட்டியில் பாட்டுக் கேட்போருக்கு அதனால் இடையூறு ஏதும் இல்லை. மைக்ரோஸாப்ட் நிறுவனம் நகரந்தோறும் உள்ள வானொலி நிலையங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, இத்துணை அலையில் வினாடிக்குச் சுமார் 12,000 துணுக்கு என்னும் வேகத்தில் செய்திகளை அனுப்பிற்று. கடிகாரத்தின் பட்டையிலேயே அலை வாங்கும் கம்பி அமைந்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 100 நகரங்களில் இச்சேவை கிடைத்தது.

ஏற்பாடு புத்திசாலித்தனமானதே; அதனை மறுப்பதற்கில்லை. புதிதாகக் கோபுரங்கள் எழுப்ப வேண்டுவதில்லை. முன்னரே நின்ற வானொலிக் கோபுரங்களே போதும். அலை வீட்டுக்குள்ளும் நுழையும். கடிகாரம் எதையும் திருப்பி அனுப்ப வேண்டாதிருந்தமையால் அதனை மணிக்கட்டில் அணியும் அளவுக்குச் சிறியதாகச் செய்ய முடிந்தது. நேரத்தையும் ஒலிபரப்பிலிருந்தே பெற்றமையால் தானே சரிசெய்துகொண்டது. வானிலை, செய்தித் தலைப்பு, பங்குகளின் விலை, விளையாட்டு முடிவு ஆகியவை ஒரு பொத்தானை அழுத்தினால் தோன்றின. கம்ப்யூட்டரில் குறித்துவைத்த அலுவல்களும், நண்பர் அனுப்பிய சிறு குறிப்புகளும் வந்தன.

குறைகளும் அதே ஏற்பாட்டிலிருந்து பிறந்தவையே. செய்தி ஒருவழியாகவே வந்தது. நண்பர் அனுப்பிய குறிப்புக்குக் கடிகாரத்திலிருந்து மறுமொழி கூற வழியில்லை. அக்குறிப்பு உரியவரை அடைந்ததா என்பதும் அனுப்பியவருக்குத் தெரியாது. பங்கு விலை இறங்கிற்று என்று காட்டும் கடிகாரம், அப்பங்கை விற்கும்படி சொல்ல உதவாது. அதற்குத் தொலைபேசியையே நாட வேண்டும். நகரத்தை விட்டு நெடுந்தூரம் நீங்கினால் செய்தி நின்றுவிடும். அன்றியும், சாதாரணக் கடிகாரத்தில் ஒரு மின்கலம் ஓராண்டுக்கு மேல் இருக்க, இதனையோ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டியிருந்தது. கடிகாரம் கட்டுவோர் வேறு எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுப்பது அரிது என்பது என் எண்ணம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 180 டாலர் கொடுத்துக் கடிகாரம் வாங்கி, ஆண்டுச் சந்தாவாக நான்கு ஆண்டுகள் அதே விகிதத்தில் செலுத்தியவருக்குச் சந்தா மட்டும் 236 டாலர். ஆக மொத்தம் 416. மாதச் சந்தா கட்டியவராயின், 48 மாதங்களுக்குச் சந்தாவே 477 டாலர் 60 சென்ட். கடிகாரத்தோடு சேர்த்து 657 டாலருக்கு மேல். கடைக்காரர் சொன்ன விலை 180 என்பதை நினைவில் வைத்து இவ்விரண்டு தொகைகளையும் நோக்குக. கடையில் சொல்லப்படும் விலை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. ஒரே கடிகாரத்துக்கு ஒருவர் 416-உம் மற்றொருவர் 657-உம் கொடுத்தது, பணத்தை ஆண்டின் தொடக்கத்தில் மொத்தமாகக் கட்ட ஒருவரால் முடிந்தது, மற்றவரால் முடியவில்லை, அல்லது ஓராண்டுக்குக் கட்டுப்பட மனம் துணியவில்லை என்பதனால்தான். கைம்முதல் இல்லாதவன் அதிகம் கொடுக்கும் இவ்வழக்கத்தை நூல் வாங்கும் நெசவாளருக்கோ உரம் வாங்கும் விவசாயிக்கோ நான் விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டுக்குப் பின் இணையத்தோடு கூடிய கைபேசிகள் விரைந்து பரவின. வானிலையும் செய்தியும் சட்டைப்பையிலேயே கிடைத்தபோது, அதற்கென்று தனிச் சந்தா கட்டுவோர் குறைந்தனர். 2008-இல் இக்கடிகாரங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. சேவையையும் நிறுத்தப் போவதாக 2009-இலேயே முன்னறிவிப்புத் தந்தனர். 2012-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் ஒலிபரப்பு நின்றது. இரண்டாண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தமைக்காக அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆயினும், அன்று முதல் அக்கடிகாரங்களின் செய்திப் பக்கங்கள் வெறுமையாயின. கடிகாரம் பழுதாகவில்லை, உடையவர் தவறு ஏதும் செய்யவில்லை, சந்தா கட்ட ஆயத்தமாயிருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

தறியை உவமையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரே ஒரு கடையில் விற்கும் நூலை மட்டுமே ஏற்கும் தறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறு எந்த நூலைப் பாவாக ஓட்டினாலும் அது அசையாது. அத்தறியின் ஆயுள் அதன் மரத்தின் உறுதியைப் பொறுத்ததன்று. அக்கடை திறந்திருக்கும் நாட்களைப் பொறுத்தது. 2004-இல் 180 டாலருக்கு வாங்கியவர், மின்கலம் தாங்கியிருக்குமாயின், எட்டாண்டுகள் செய்தி பெற்றிருப்பார்; கடிகாரத்தின் விலை ஆண்டுக்கு 22 டாலர் 50 சென்ட் விழும். அதே விலைக்கு 2008-இல் கடைசியாக வாங்கியவருக்கு நான்காண்டு கூட இல்லை. ஆண்டுக்கு 45 டாலருக்கு மேல். பிந்தி வாங்கினால் நன்கு தேறிய பொருள் கிடைக்கும் என்ற பொதுக் கருத்து இங்கே தலைகீழாயிற்று.

இது முன்னுதாரணம் இல்லாத விபத்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1990-களில் ஸீகோ கம்பெனியாரின் செய்திக் கடிகாரம் ஒன்று இதே எப்.எம். துணை அலையில், சியாட்டில், போர்ட்லண்டு முதலிய நகரங்களில் நடந்தது. 1999-ஆம் ஆண்டு இறுதியோடு அச்சேவையும் நின்றது. 2004-இல் வாங்கியவர்கள் ஐந்தாண்டுக்கு முந்திய இச்செய்தியை விசாரித்திருந்தால் போதும்.

சந்தா இல்லாத வேறொரு வழியும் முன்னரே இருந்தது. 1994-இல் வந்த டைமெக்ஸ் டேட்டா லிங்க் கடிகாரம், கம்ப்யூட்டர்த் திரையில் மின்னும் கோடுகளைக் கண்ணாற் காண்பதுபோல் படித்துத் தொலைபேசி எண்களையும் அலுவல் நேரங்களையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் பழைய கண்ணாடிக் குழாய்த் திரைதான் அதற்கு வேண்டும். தட்டைத் திரைகள் வந்தபின் அதுவும் இடர்ப்பட்டது. ஆகவே சந்தா ஒன்றே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடலாகாது.

விவசாயிகளுக்கு உரிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்து ஒமாஹா நகரில் தொடங்கிய நிறுவனம் ஒன்று, இன்று டி.டி.என். என வழங்குவது, இதே எப்.எம். துணை அலை வழியாகத் தானியச் சந்தை விலைகளைப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பிற்று. அதுவும் சந்தாச் சேவையே. ஆனால் செய்தி வாங்கும் கருவியையும் அந்நிறுவனமே சந்தாவோடு சேர்த்துத் தந்தது. சேவை மாறினாலும் நின்றாலும் கருவியின் நஷ்டம் விவசாயியைச் சாராது. அன்றியும், சோளத்தை இன்று விற்பதா, அடுத்த வாரம் விற்பதா என்ற முடிவுக்கு அச்செய்தி பயன்பட்டது. கட்டிய சந்தாவுக்கு ஈடு அதில் கிடைக்கக்கூடும். மணிக்கட்டில் தோன்றிய விளையாட்டு முடிவுகளைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை.

ஆகவே அந்த ஸ்பாட் கடிகாரம் வாங்கத் தக்கதாயிருந்ததா எனின், சாதாரணக் கடிகாரம் ஒன்றின் விலைக்குக் கிடைத்து, ஓராண்டுச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் உடையவருக்கு மட்டும் தக்கது. 180 டாலரைச் சொத்தாகக் கருதிப் போட்டவருக்குத் தகாது என்பதே என் தீர்ப்பு.

இன்றைய ஸ்மார்ட் கடிகாரங்களுள் பெரும்பாலானவை உரிமையாளரின் கைபேசியிலிருந்தே செய்தியைப் பெறுகின்றன. செய்தி பெறுவதற்கென்று அவற்றுக்குத் தனிச் சந்தா இல்லை. தமக்கென்று தனித் தொலைபேசி இணைப்பு உடையவற்றுக்கும், உடல்நலக் கணக்குகளை விரிவாகக் காட்டும் சிலவற்றுக்கும் சந்தா கேட்கின்றனர். கைபேசியோடு இணைந்த கடிகாரமும் முற்றிலும் சுதந்திரமானதன்று. 2013-இல் வெளிவந்த பெப்பிள் கடிகாரத்தின் நிறுவனம் 2016 இறுதியில் மூடப்பட்டது; அதன் சேவைகள் 2018 நடுவில் நின்றன. அங்கே நடந்தது வேறு. அக்கடிகாரத்தை அணிந்தவர்களே ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடிச் சேவையை மீண்டும் நடத்தினர். வானிலைக்கும் குரல்வழி எழுத்துக்கும் மட்டும் மாதம் 3 டாலர் வாங்கினர். கடிகாரத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்கள் அவர்களுள் இருந்தமையால் இது கைகூடிற்று.

கடைக்குச் செல்லும் அங்கத்தினர், விலையும் ஆயுளும் கேட்டபின், சந்தா கட்டாவிடில் இக்கடிகாரத்தில் எவை எவை இயங்கும், எவை நின்றுபோகும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டு, விற்பவரின் விடையை ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்வாராக. விடை சொல்லத் தயங்கும் கடையில் மணி மட்டும் காட்டும் கடிகாரமும் கிடைக்கும். அதன் விலையையும் கேட்டுவரலாம்.