உங்களுக்குத் தெரியுமா? பாம்பு சட்டை உரிக்கும் சேதி

● கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலின் கல்தூண் அடியிலும் வாய்க்கால் கரைப் புதரிலும் பாம்புச் சட்டை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்போதும் பாம்பைவிட நீளம். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோலும் விரிந்துகொடுப்பதே காரணம். ஆறடிச் சட்டையைக் கண்டு ஆறடிப் பாம்பு என்று மிரள வேண்டாம்.

● பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடிக் காப்பது நிறமற்ற ஒரு செதில். சட்டையோடு அதுவும் கழன்று வரும். உரிப்பதற்குச் சில நாள் முன்பு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதால் கண் நீலம் பாய்ந்து மங்கும். சரியாகப் பார்வை தெரியாத அந்த நாள்களில் பெரும்பாலும் இரை எடுக்காமல் பதுங்கியிருக்கும். கிட்டே போனால் சட்டெனச் சீறும். பிறகு கண் தெளியும். அடுத்த சில நாளில் உதட்டோரத்தைக் கல்லிலோ வேரிலோ உரசித் தோலைக் கிளப்பி, காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியே வர, ஊர்ந்தபடியே உரித்துவிடும்.

● குட்டிகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும்.

● சட்டையை வைத்து ஆளை அடையாளம் காணலாம். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். நல்ல பாம்புக்கும் சாரைக்கும் தலையில் பெரிய தகடுகள் இருக்கும். கண்ணாடிவிரியனுக்கு அங்கே பொடிச் செதில்கள்தாம்.

● நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள், 2024இல் வந்த விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

● வளர்ப்புப் பாம்பின் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வறண்ட காற்றை. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கும்போது காட்டுப் பாம்பு ஈரமான பொந்து தேடிப் போய்விடும். பெட்டிக்குள் இருப்பது எங்கே போகும்? ஈரமான பாசியோ தேங்காய் நாரோ இட்ட ஒரு மறைவிடம், முங்கிக் கிடக்க ஒரு தொட்டித் தண்ணீர், உரச ஒரு சொரசொரப்பான கல்: இவை இருந்தாலே பெரும்பாலும் தானாக உரித்துவிடும். அப்படியும் ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஆழமில்லாமல் சற்று நேரம் விட்டு, ஈரத்துணிக்குள் ஊர விடுங்கள். கையால் பிய்க்கவே கூடாது. கண் செதில் தங்கிவிட்டால் கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். நகத்தால் நோண்டினால் கண்ணே போய்விடும். வால் நுனியையும் பாருங்கள்: அங்கே வளையமாகத் தங்கும் பழைய தோல் இறுகி, இரத்த ஓட்டம் நின்று, நுனி அழுகிவிடும்.

● ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1978இல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைக் காட்டில் விடுகிறது. நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்து பெரும்பாலும் அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது.

● தோட்டத்தில் பாதிச் சட்டையோடு பாம்பைக் கண்டால் தண்ணீர் ஊற்றவோ குச்சியால் தள்ளவோ வேண்டாம். தள்ளி நின்றால் போதும், அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் புகுந்திருந்தால் 101க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.