கைராசியும் கணக்கும்

சஸ்திர வைத்தியர் ஒருவரைப் புகழவேண்டுமானால் "அவர் கைராசிக்காரர்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆபரேஷனில் பிழைத்தெழுந்தவன் தேங்காய் பழத்துடன் வந்து வைத்தியரை வணங்குகிறான். ஊரெங்கும் அவர் பெருமையைப் பேசுகிறான். பிழையாதவன் வந்து பேசுவதில்லை. பிழைத்தும் குணமடையாதவனோ வேறொரு வைத்தியரைத் தேடிப் போய்விடுகிறான். ஆகவே வைத்தியரின் காதில் விழுவது பெரும்பாலும் வெற்றிச் செய்தியே. இவ்விதம் இருபது வருஷம் தொழில் நடத்திய ஒருவர், தமது முறையே சிறந்ததென்று மனமார நம்புவதில் வியப்பென்ன? அவர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதையே சொல்லுகிறார். கண்டது போதாது என்பதே இங்கு விஷயம்.

இதனை அஞ்சாமல் எடுத்துரைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் எர்னஸ்ட் காட்மன். ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்து, ஒரு வருஷத்துக்குப் பின் அவரைத் திரும்ப வரவழைத்து, குணமாயிற்றா, ஆகாவிடில் காரணம் என்ன என்று அதில் பதியவேண்டும் என்றார் அவர். தாம் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் திறமையைப் பாராமல் மூப்பைப் பார்த்துப் பதவி உயர்த்துவதைக் கண்டித்து 1914ல் ராஜிநாமா செய்தார். தாமே ஸ்தாபித்த சிறிய ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார்; அதில் 123 பிழைகளைத் தாமே ஒப்புக்கொண்டிருந்தார். தம் தவறுகளை எண்ணி அச்சேற்றும் வைத்தியரை எந்தத் தேசத்திலும் காண்பது அரிது. சகாக்கள் அவரைக் கொண்டாடவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் எண்ணிவிட்டால் மட்டும் உண்மை கிட்டிவிடும் என்பதற்கில்லை. பால்டிமோர் நகரத்து வில்லியம் ஹால்ஸ்டெட் மகா நிபுணர். அவரும் எண்ணத்தான் செய்தார். மார்பில் தோன்றும் புற்றுநோய் அங்கிருந்து படிப்படியாகவே பரவும் என்பது அவர் கொள்கை. ஆதலால் மார்பகத்தையும், அதனடியிலுள்ள தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் ஒருங்கே அறுத்தெடுத்தார். 1894ல் ஐம்பது ஸ்திரீகளின் கணக்கை வெளியிட்டார். அறுத்த இடத்தில் நோய் திரும்பத் தோன்றுவது வெகுவாகக் குறைந்திருந்தது. வைத்திய உலகம் தலைவணங்கியது. ஆனால் குறைவாக அறுக்கப்பட்டவர்கள் எத்தனை காலம் ஜீவித்தார்கள், முற்றிலும் அறுக்கப்பட்டவர்கள் எத்தனை காலம் ஜீவித்தார்கள் என்று இரு சாராரையும் சமமாக நிறுத்தி எவரும் பார்க்கவில்லை. குரு செய்ததைச் சிஷ்யர் செய்தனர். சிஷ்யர் செய்ததை அவர்தம் சிஷ்யர் செய்தனர். முக்கால் நூற்றாண்டுக் காலம் எண்ணிறந்த பெண்கள் குழிந்த மார்போடும், பலர் வீங்கிய கையோடும் வீடு திரும்பினார்கள். உயிருக்கு விலை இதுவென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அந்த விலை அவசியந்தானா என்று முறைப்படி கேட்டவர் பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர் பெர்னார்டு பிஷர். 1971ல் ஒரு பரீக்ஷையைத் தொடங்கினார். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் நிர்ணயிப்பது அதன் ஏற்பாடு. பலமுள்ள நோயாளிகளையெல்லாம் தமக்குப் பிடித்த முறைக்கே பொறுக்கிக்கொள்ளும் சபலம் இதனால் அடைபடுகிறது. இதற்கு நோயாளிகளை அனுப்பவே பல வைத்தியர்கள் மறுத்தனர். "எது நல்லதென்று எனக்குத் தெரியாது" என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு நாவெழவில்லை. 1976ல் தொடங்கிய இரண்டாவது பரீக்ஷையில், கட்டியை மட்டும் அகற்றுவதும் மார்பகம் முழுவதையும் அகற்றுவதும் 1,851 ஸ்திரீகளிடம் ஒப்பிடப்பட்டன. 2002ல் முதற் பரீக்ஷையின் இருபத்தைந்து வருஷக் கணக்கும், இரண்டாவதின் இருபது வருஷக் கணக்கும் வெளியாயின. அதிகம் அறுத்ததால் ஆயுள் நீளவில்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தால் அதே மார்பில் நோய் திரும்புவது குறைந்தது. இடையில் ஒரு வைத்தியர் பொய்த் தகவல் எழுதியது வெளிப்பட்டுப் பெரிய ரகளை நேர்ந்தது. அவர் அனுப்பிய கணக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

முழங்கால் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு உள்ளே கருவியைச் செலுத்திக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை இதற்கடுத்த உதாரணம். ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்து 2002ல் வெளியான பரீக்ஷையில், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். அப்படியும் நேரலாம் என்பதை நோயாளி முன்கூட்டித் தம் கையாலேயே எழுதிக்கொடுத்தார். இரண்டு வருஷம் கவனித்ததில், வெறுந்தோல் கீறப்பட்டவர்களைவிட மற்றவர்கள் நன்றாயிருக்கவில்லை. தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் இதற்கு இசையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்களைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

இந்த விசாரணைப் புத்தியை எவ்வாறு கற்பிப்பது? கானடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் சாக்கெட், டாக்டர் கையாட் முதலியோர் 1990ஐ அடுத்த வருஷங்களில் இதற்கொரு பெயரும் பாடமுறையும் வகுத்தனர். மாணவன் நோயாளியின் படுக்கையருகில் எழும் சந்தேகத்தைத் திட்டமான கேள்வியாக்குகிறான். வெளியான ஆராய்ச்சிகளைத் தேடுகிறான். அவற்றில் பழுதுண்டா என்று சோதிக்கிறான். இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று யோசிக்கிறான். பிறகு தன் வேலையையே அளந்து பார்க்கிறான். அனுபவத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் இம்முறை தள்ளிவிடவில்லை. அறுந்த ரத்தக்குழாயைக் கட்டுவதற்குத் திருவுளச்சீட்டு வேண்டுவதில்லை. மாத்திரையைப் போன்றதன்று ஆபரேஷன். கைக்குக் கை வேறுபடும். ஆனால் பெரிய டாக்டர் முன்னிலையில் "இதற்கு ருஜு என்ன?" என்று இளைய டாக்டர் கேட்டால் அது மரியாதைக் குறைவெனக் கருதப்படும் இடத்தில், மேற்சொன்ன படிகளை எத்தனை முறை நெட்டுருப் போட்டாலும் பயனில்லை.

இவ்விஷயத்தில் நமது தேசத்துக்கும் நேரான சம்பந்தமுண்டு. ஆபரேஷன் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்க, கிருமிநாசினி பூசிய நூலால் தைப்பதையும், அயோடின் மருந்துக்குப் பதிலாகச் சாராயம் கலந்த குளோர்ஹெக்சிடைன் தடவுவதையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2016ல் சிபார்சு செய்தது. ஆதாரங்களில் பெரும்பகுதி செல்வ நாடுகளினுடையது. இந்தியா, கானா, நைஜீரியா, ருவாண்டா, பெனின், தென்னாப்பிரிக்கா, மெக்ஸிகோ ஆகிய ஏழு நாடுகளின் 54 ஆஸ்பத்திரிகளில் 5,788 பேரிடம் வயிற்று ஆபரேஷன்களில் இவற்றைச் சோதித்து, 2021ல் முடிவு கூறினார்கள். விலையேறிய நூலாலும் பயனில்லை. புது மருந்தாலும் அதிகப் பயனில்லை. நூற்றுக்கு 22 பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது.

அதே ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் நடந்த மற்றொரு பரீக்ஷை 2022ல் வெளியாயிற்று. வயிற்றைத் தைத்து மூடுமுன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றிவிட்டால் போதும் என்பதே அங்குச் சோதித்த விஷயம். சீழ்ப்பிடிப்பது நூற்றுக்கு 18.9லிருந்து 16 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு மூவர் என்பது அற்பமாகத் தோன்றலாம். கூலிவேலை செய்பவனுக்குப் புண் ஆறாத ஒரு மாதம் என்றால் என்னவென்று நாம் அறிவோம்.

இந்தப் பரீக்ஷைகளில் முப்பதாம் நாள் வரை நோயாளியைத் தொடர்ந்து விசாரித்துப் புண்ணின் நிலையைப் பதிந்தார்கள். ஆபரேஷன் நடக்கும் நமது ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அத்தகைய பதிவுப் புஸ்தகம் ஒன்று இருக்கவேண்டும். வருஷாந்தரக் கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும். இதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டாம். விசாரித்து எழுத ஒரு குமாஸ்தாவை நியமித்தால் போதும்.