துவைத்து உலர்த்தித் தரும் பழைய எந்திரம்!
காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கல்வராயன் மலையில் வெயிலை நம்ப முடியாது. வெள்ளிமலையில் காலையில் கொடியில் போட்ட வேட்டி, மாலையிலும் ஈரமாகவே தொங்கும். கீழே கள்ளக்குறிச்சியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அடைமழை நாளில் துணியைத் துவைப்பதைவிட, உலர்த்துவதுதான் பெரும்பாடு.

இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவில் 1953-ம் ஆண்டிலேயே ஓர் எந்திரம் விற்பனைக்கு வந்தது. பெயர் "பெண்டிக்ஸ் டுவோமேட்டிக்". அழுக்குத் துணியைப் போட்டுக் கதவை மூடினால் போதும். துவைத்து, அலசி, பிழிந்து, உலர்த்தியும் கொடுத்துவிடும். நடுவில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

இன்று இத்தகைய எந்திரங்களைப் பழைய வீடுகளின் நிலவறைகளில் தேடிப் பிடித்து, மறுபடியும் ஓட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

தரையோடு முடுக்கினார்கள்

பெண்டிக்ஸ் நிறுவனம் இந்தத் தொழிலுக்குப் புதிது அல்ல. தானாகவே துவைக்கும் எந்திரத்தை 1937-லேயே அது வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல! தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டியிருந்தது.

டுவோமேட்டிக்கைப் பார்த்து மற்ற பெரிய நிறுவனங்களும் "இரண்டும் ஒன்றான" எந்திரங்களைச் செய்தன. சலவை எந்திரம் என்றால் அந்தக் காலத்தில் அமெரிக்கருக்கு அத்தனை பெருமை. 1959 ஜூலை 24-ந் தேதி மாஸ்கோ கண்காட்சியில் ரஷியப் பிரதமர் குருஷேவுடன் வாதாடிய அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சன், ராக்கெட் பலத்தில் போட்டி போடுவதைவிடச் சலவை எந்திரத்தில் போட்டி போடலாமே என்ற பொருளில் பேசினார்.

ஆவி எங்கே போகும்?

எந்திரத்துக்குள் ஓர் உருளை படுத்த நிலையில் சுழலும். துவைத்து முடிந்ததும் சூடான காற்று உள்ளே பாயும். ஈரத்தை வாங்கிக்கொண்ட அந்தக் காற்றின்மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். சோற்றுப்பானை மூடியில் நீர் கோப்பதுபோல் ஆவி நீராகி, சாக்கடைக்குப் போய்விடும். துணிப்பிசிறும் அதோடு போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலர்த்துவதற்குக்கூடத் தண்ணீர் செலவு! பிசிறு அடைத்துக்கொள்ளும். உருளை நிறையத் துணி போட்டால், காய்வதற்குப் பல மணி நேரமாகும். ஒரு பாகம் கெட்டால் துவைப்பதும் நின்றது, உலர்த்துவதும் நின்றது. "இரண்டையும் தனித்தனியாகவே வாங்கிக்கொள்கிறோம்" என்று மக்கள் ஒதுங்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் இந்த எந்திரங்கள் பெரும்பாலும் கடைகளிலிருந்து மறைந்தன.

ஒன்றைப் பிழைக்க வைக்க...

பெண்டிக்ஸின் சலவை எந்திரத் தொழில் 1950-ல் அவ்கோ நிறுவனத்துக்கும், 1956-ல் பில்கோவுக்கும் கைமாறியது. இப்போது உதிரிப் பாகம் கேட்டு யாரிடம் போவது?

பேரிங், பெல்ட் போன்றவற்றுக்கு அளவு ஒத்ததைக் கடையில் தேடலாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்தான் உயிரை வாங்கும். இறுகி வெடித்திருக்கும், அதே அச்சில் புதிதாக வார்க்க வேண்டும். டைமரின் முனைகள் கரிந்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். மேலுறை உரியும் பழைய மின்கம்பியை மாற்றாமல் எந்திரத்தைத் தொடவே கூடாது.

வேறு வழியே இல்லாவிட்டால், இன்னொரு பழைய எந்திரத்தைப் பிரித்துப் பாகத்தை எடுப்பார்கள். மனம் கனக்கும் வேலை இது. மிஞ்சியிருப்பதே கொஞ்சம், அதிலும் ஒன்று குறைகிறதே!

கொலராடோ மாநிலத்து ஈட்டன் ஊரைச் சேர்ந்த மின்பொறியியல் பேராசிரியர் லீ மாக்ஸ்வெல், 1985-ல் பழைய சலவை எந்திரங்களைச் சேர்க்கத் தொடங்கி, ஆயிரத்துக்கு மேல் திரட்டிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். அவரிடம் இருந்தவற்றில் கையால் சுற்றுபவை ஏராளம்.

இங்கே ஓடுமா?

ஆசைப்பட்டு ஒரு டுவோமேட்டிக்கைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். மின் அழுத்தத்தை டிரான்ஸ்பார்மர் வைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று; நம்முடையது 50. டிரான்ஸ்பார்மரால் அதை மாற்ற முடியாது. மோட்டார் மெதுவாகச் சுழலும். மின்சாரத்தின் சுற்றை வைத்தே ஓடும் டைமரும் பின்தங்கும். 60 நிமிட வேலைக்கு 72 நிமிடம் பிடிக்கும். மலையில் குடம் சுமந்து கொண்டுவரும் தண்ணீரை, துணி காய வைக்கவும் இந்த எந்திரத்துக்கு ஊற்ற வேண்டியிருக்கும்!