பனியனில் படம் போடும் பிரிண்டர்: வாங்கும் முன் ஒரு நிமிடம்!

கம்ப்யூட்டரில் வடிவமைத்த படத்தைக் காகிதத்தில் அச்சிடுவது போலவே, பருத்தி டி-ஷர்ட்டிலும் நேரடியாக அச்சிடலாம். இதற்கான இங்க்ஜெட் பிரிண்டருக்கு டிடிஜி பிரிண்டர் என்று பெயர். ஸ்கிரீன் பிரிண்டிங்கைப் போல நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் தேவையில்லை. ஒரே ஒரு டி-ஷர்ட் கேட்டாலும் போட்டுத் தரலாம். அதனால் வீட்டிலேயே தொழில் தொடங்க நினைப்பவர்கள் கடன் வாங்கியாவது இதை வாங்கப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த பிரிண்டர் உழைப்பதால் கெடுவதைவிட, சும்மா நிற்பதால் கெடுவதே அதிகம்.

வெள்ளை மைதான் சிக்கல்

கறுப்புத் துணியில் நிறங்கள் எடுப்பாகத் தெரிய, முதலில் வெள்ளை மை அடித்து அதன் மேல் மற்ற நிறங்களை அடிக்க வேண்டும். வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தூள். இதன் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 4 மடங்கு. பிரிண்டர் ஓடாமல் நின்றால் தூள் அடியில் படியும். தலைமுடியைவிட மெல்லிய நாசில்கள் அடைத்துக்கொள்ளும். பிரிண்ட் ஹெட்டையே மாற்ற நேர்ந்தால் செலவு மிக அதிகம்.

தினமும் செய்ய வேண்டியவை

1. கையேட்டில் சொன்னபடி வெள்ளை மையைக் குலுக்குங்கள் அல்லது கலக்குங்கள்.

2. நாசில் செக் அச்சிட்டுப் பாருங்கள். கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்கள். தேவையில்லாமல் கொடுத்தால் மைதான் வீணாகும்.

3. ஹெட்டை மூடும் கேப், துடைக்கும் வைப்பர் இரண்டிலும் சேரும் மையையும் பஞ்சுத் தூசியையும் அதற்குரிய கிளீனிங் திரவத்தால் துடையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

4. துணியைச் சுருக்கமின்றி விரித்து, பலகையின் உயரத்தைச் சரிபாருங்கள். தூக்கி நிற்கும் தையலோ பட்டனோ ஹெட்டில் உரசலாம்.

மின்சாரம் போனால்?

அச்சிடும்போது கரண்ட் போனால் ஹெட் மூடப்படாமல் பாதி வழியில் நின்றுவிடும், மை காயும். எனவே யுபிஎஸ் அவசியம். அணைக்கும்போதும் சுவர் ஸ்விட்சைத் தட்டாமல், பிரிண்டரின் பவர் பட்டனையே அழுத்துங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். வீட்டில் உள்ள சாதாரண இங்க்ஜெட்டுக்கும் இது பொருந்தும். ஹீட் பிரஸ் அதிக மின்சாரம் இழுக்கும். அதை இந்த யுபிஎஸ்ஸில் இணைக்காமல், எர்த் உள்ள தனி பிளக்கில் செருகுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

வெள்ளை மை துணிக்குள் ஊறாமல் மேலே நிற்க, முன்கூட்டியே ஒரு திரவம் தெளிக்கிறார்கள். மையை உறைய வைப்பதே அதன் வேலை. அதன் சாரல் ஹெட்டில் பட்டால் அங்கேயும் மை உறையும். ஆகவே பிரிண்டர் இருக்கும் அறையில் தெளிக்காதீர்கள். தெளிக்கும்போது முகமூடி, கண்ணாடி, கையுறை அணியுங்கள்.

பிறகு மையைப் பதிய வைக்க ஹீட் பிரஸ்ஸில் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு கொடுக்க வேண்டியிருக்கும். சரியான சூட்டையும் நேரத்தையும் மை தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள். அப்போது ஆவி எழும், ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் அருகில் வேண்டாம். கழிவு மையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

வாங்கலாமா?

தினமும் சில டி-ஷர்ட்டாவது அச்சிடும் அளவுக்கு ஆர்டர் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மாதத்துக்கு நாலைந்துதான் என்றால், திருப்பூர் போன்ற ஊர்களில் ஜாப் வொர்க் செய்பவர்களிடம் கொடுத்து வாங்குவதே லாபம். டிசைன் மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் தயாராகட்டும். ஆர்டர் பெருகிய பிறகு பிரிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.